வேலியோரப் பூக்களும் இயற்கை ஒளியும்

மலரைப் பாடாத தமிழ் இலக்கியம் இல்லை எனலாம். திணைகளுக்கு மலரின் பெயரைச் சூட்டி வாழ்வை வகுத்த மொழி நம் மொழி. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. அப்பெயர்களை ஒப்பிக்கும் மாணவர் பலர். அவற்றுள் பத்தினையேனும் நேரில் கண்டு, 'இஃது இன்ன பூ' எனச் சுட்ட வல்லார் மிகச் சிலரே. பெயர் ஏட்டில் இருக்கிறது. பூ வேலியில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் எளிய கருவி ஒளிப்படம். அதனை இயற்கை ஒளியில் எவ்வாறு எடுத்தல் வேண்டும் என்பதை, நம் கம்பம் பள்ளத்தாக்கின் குச்சனூர்ப் பகுதியை முன்வைத்து ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

வேலியும் அதன் செல்வமும்

சின்னமனூரை அடுத்த குச்சனூர், சனீஸ்வரர் கோயிலால் நாடறிந்த ஊர். ஆடிச் சனிக்கிழமைகளில் அங்குத் திரளும் மக்கள் மிகப் பலர். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீரால் செழித்த பள்ளத்தாக்கு இது. வாய்க்கால் ஈரமும் மேட்டுநில வறட்சியும் அருகருகே அமைந்திருப்பதால், இருவகை நிலத்துச் செடிகளையும் இங்கே காண இயலும்.

கிளுவையும் கள்ளியும் நட்டு உயிர்வேலி அமைப்பது நம் உழவர் மரபு. அவ்வேலியில் கோவை, பிரண்டை, சங்குப்பூ, முடக்கத்தான், வேலிப்பருத்தி முதலிய கொடிகள் தாமே படர்கின்றன. ஓரத்தில் ஆவாரையும் நொச்சியும் எருக்கும் நிற்கும். அடியில் தும்பையும் துத்தியும் நெருஞ்சியும் பூக்கும். மழைக்காலத்தில் செங்காந்தள் தலைகாட்டும்.

இவற்றைக் காண்பது இலக்கியக் கல்விக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று போதும். இரு வேந்தரும் களத்தில் எதிர்நின்று பொரும் போரைத் தும்பைத் திணை என்கிறோம். அத்துணைக் கடும்போருக்குப் பெயர் தந்த மலரோ விரல்நக அளவே உடைய வெண்ணிறச் சிறுபூ. மதிலைக் காத்துப் பொருவது நொச்சித் திணை; அந்த நொச்சியை இன்றும் உழவர் வயலுக்குக் காவலாக நடுகின்றனர். பூவை அறிந்தவருக்கே இப்பெயர்கள் பொருள் தரும்.

ஆயினும் உயிர்வேலிகள் குறைந்து வருகின்றன. கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பது எளிதாகிவிட்டது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் அழிவது வேலியே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கச் செடியாகிய உன்னியும் பல இடங்களில் நம் செடிகளை நெருக்கி வளர்கிறது. ஆதலின் வேலியோரப் பூக்களைப் படமெடுப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. இருப்பதைப் பதிவு செய்யும் கடமையும் ஆகும்.

ஒளியின் இயல்பு

ஒளி கண்ணிலிருந்து பொருளை நோக்கிச் செல்கிறது என்று முன்னோர் பலர் கருதியிருந்தனர். 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது எனத் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி புகுவதையும் அவர் ஆராய்ந்தார். கேமராவின் அடிப்படையும் அதுவே. பூவின்மேல் எவ்வொளி படுகிறதோ, அதற்கேற்பவே அதன் நிறமும் வடிவும் படத்தில் அமையும்.

நண்பகல் வெயில் செங்குத்தாக விழும். வெண்பூ வெளிறும், இதழ்களின் கீழே கரிய நிழல் தங்கும். காலை மாலைக் கதிரில் செம்மை மிகும். நிழலில் நீலம் மிகும். குச்சனூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கே மேகமலைப் பக்கத்துக் குன்றுகளும் நிற்கின்றன. ஆதலால் வானம் வெளுத்த பின்னும் கதிரவன் மலைக்குப் பின்னால் இருக்கும் பொழுது ஒன்று காலையிலும் மாலையிலும் வாய்க்கிறது. அப்போது வானத்திலிருந்து பரவும் மென்மையான ஒளியே பூக்களுக்கு ஏற்றது. மேகம் மூடிய பகற்பொழுதும் அத்தகையதே.

கேமராவின் மின்னொளியைப் பயன்படுத்தினால், அருகிலுள்ள பூ மட்டும் பளிச்சிட்டுப் பின்னுள்ள வேலி இரவுபோல் இருண்டுவிடும். பூ எங்கே வாழ்கிறது என்னும் செய்தி படத்திலிருந்து மறைந்துவிடும். இயற்கை ஒளியை நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

ஒளியின் நேரத்தோடு பூவின் நேரத்தையும் அறிதல் வேண்டும். தாளிக் கொடியின் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடும். துத்தி பிற்பகலில் விரியும்; ஊமத்தை மாலையில் மலரும்.

எடுக்கும் முறை

நல்ல வெயிலில் உணர்திறன் 100, துளை எண் 16, திரை வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. துளை எண்ணை 8 ஆக்கினால் திரை வேகம் 500-இல் ஒரு பங்காகும். திறந்தவெளி நிழலில் ஒளி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். அப்போது அவ்வேகம் 60-இல் ஒரு பங்காக இறங்கும். ஆடிக் காற்றில் ஆடும் நொச்சிப் பூங்கொத்துக்கு இது போதாது. உணர்திறனை 400 ஆக உயர்த்தினால் 250-இல் ஒரு பங்கு கிடைக்கும். உடன் வந்தவர் குடையை விரித்துக் காற்றை மறைத்தால் இன்னும் நன்று. அதே குடை கடும் வெயிலில் நிழலும் தரும். இருண்ட பக்கத்திற்கு ஒளி வேண்டுமெனில் வெள்ளைத் துண்டு ஒன்றை எதிரே பிடித்தால் போதும்.

வெண்பூக்களில் விழிப்பு வேண்டும். காட்சி முழுவதையும் சராசரியான சாம்பல் நிறமாகக் கொண்டே கேமரா கணக்கிடுகிறது. சட்டத்தை நிறைக்கும் ஊமத்தைப் பூ அதனால் மங்கும். அதற்கு ஒளியைக் கூட்டுதல் வேண்டும். இருண்ட வேலியின் நடுவே சிறு புள்ளியாக நிற்கும் தும்பையோ வெளிறிவிடும். அதற்கு ஒளியைக் குறைத்தல் வேண்டும். கைப்பேசியில் எடுப்போர், திரையில் பூவின்மேல் விரலை வைத்து ஒளியளவைத் தாமே குறைக்கலாம். காந்தளின் செவ்விதழுக்கும் சற்றுக் குறைத்தலே நன்று. இல்லையேல் இதழின் நுட்பம் மறைந்து செந்நிறத் திட்டாகிவிடும்.

புகழ்பெற்ற இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழ் நாவல் முன்னோடி அ. மாதவையாவின் புதல்வர். அவர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். தமிழிலும் இயற்கை பற்றி எழுதினார். விலையுயர்ந்த கருவியினும் கூர்ந்து நோக்கும் கண்ணே முதன்மையானது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

பதிவின் முழுமை

அழகிய படம் ஒன்று மட்டும் செடியை அடையாளம் காட்டாது. வேலியோடு முழுச்செடி, இலை அமைந்த முறை, முன்னும் பக்கமுமாகப் பூ, பின்னர்க் காய் என நான்கேனும் வேண்டும். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வைக்கலாம். காந்தள் இதழ் பசுமஞ்சளாகத் தொடங்கி நாளடைவில் செந்நிறமாகும். ஆதலின் அதனைப் பல நாள் எடுத்தலே முறை. நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு அவ்வூரார் வழங்கும் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்பாரும் கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர்; வேலிப்பருத்திக்கு உத்தாமணி என்றும் பெயர். இப்பெயர்களை அறிந்த முதியோர் வாழும்போதே கேட்டெழுதுதல் வேண்டும்.

நிலத்துக்கு உரியவரின் இசைவு பெற்றே வேலியை அணுக வேண்டும். பூவைக் கொய்யலாகாது. காந்தட் கிழங்கும் ஊமத்தையும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும். புதரில் கை வைக்குமுன் பாம்பு உண்டா எனப் பார்த்தல் நலம்.

மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வேலியைத் தேர்ந்து, ஓராண்டுக் காலம் மாதந்தோறும் படமெடுத்துப் பெயரும் குறிப்பும் எழுதித் தரட்டும். தாவரவியல் துறையினர் அடையாளத்தைச் சரிபார்க்கலாம்; ஊர்ப் பெரியோர் பெயர்களைச் சொல்லி உதவலாம். அத்தொகுப்பு தமிழ்த்துறை நூலகத்தில் சங்க நூல்களின் அருகே இடம் பெறுமாயின், நாளைய மாணவர் தும்பை என்னும் சொல்லைப் படித்தவுடன் அப்பூவையும் கண்ணால் காண்பர்.