தாலிக்கொடியை அடகு வைத்து நர்ஸ் ஆகலாமா?

கண்டி டவுனுக்குள் தாதியர் பயிற்சி விளம்பரம் கண்ணில் படாமல் நடப்பது கஷ்டம். 'வெளிநாட்டில் வேலை' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். கட்டணம் எவ்வளவென்று அறிய மட்டும் போன் எடுக்க வேண்டும்.

உயர்தரம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிபடும் புதுப் பெயர் 'நர்ஸ் பிராக்டிஷனர்'. நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, மருந்தும் எழுதிக் கொடுக்கும் நர்ஸ். 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய பயிற்சி இது. நமது அரச ஆஸ்பத்திரிகளில் அப்படியொரு பதவி இன்னும் இல்லை. ஆகவே கனவு காண்பவர்கள் வெளிநாட்டை நம்பித்தான் காண்கிறார்கள், கடனும் வாங்குகிறார்கள்.

அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். பதிவு பெற்ற தாதியாக இருக்க வேண்டும், முதுமாணிப் படிப்பு வேண்டும், அதோடு உயர்நிலைத் தாதியப் பணியில் 5,000 மணித்தியால அனுபவமும் கேட்கிறார்கள். முழுநேர வேலையென்றால் ஏறக்குறைய மூன்று வருடம். எத்தனை பவுன் அடகு வைத்தாலும் அந்த மணித்தியாலங்கள் கிடைக்காது. வார்ட்டில் நின்றுதான் சேர்க்க வேண்டும்.

அந்த வார்ட்டுக்குள் நுழையக் கடன் எதற்கு? அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடத் தாதியியல் பட்டமும் இலவசமே. டிப்ளோமாவோடு வேலைக்குப் போனவர், சம்பளம் எடுத்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடிக்கலாம். வெளிநாட்டு முதுமாணியை அதற்குப் பிறகு, சொந்த உழைப்பில் யோசிக்கட்டும்.

தோட்டத்து வீடொன்று கடன் பட்டால் எப்படிக் கட்டும்? 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான். அதில் அரிசி, மா, பஸ் காசு போக அடகு வட்டி கட்ட என்ன மிஞ்சும்?

அரச இடம் கிடைக்காதவர்கள் தனியாரிடம் போகாமல் என்ன செய்வது என்பார்கள். போகட்டும். அந்தச் சான்றிதழை வைத்து இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பணத்தைக் கட்டட்டும்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வரும் ஆச்சிமாருக்கு வார்ட்டில் தமிழ் பேசும் மிஸி கிடைப்பது அதிர்ஷ்டம். கூட வந்த பன்னிரண்டு வயதுப் பேரன்தான் மொழிபெயர்க்கிறான். மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து இரத்தம் படுவதை எந்த ஆச்சி பேரனிடம் சொல்வாள்? "வயித்துவலி" என்று முடித்துக்கொள்கிறாள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடிய ஒன்று அங்கேயே அமுங்கிப் போகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாதியர் பலர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். இருந்த கொஞ்சத் தமிழும் அவர்களோடு போனால் ஆச்சியின் கதி என்ன?

இந்த வெற்றிடத்தை மலையகப் பிள்ளைகள்தான் நிரப்ப முடியும். ஆனால் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தாதியர் பயிற்சிக்கு வழிவிடும் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. வாசல் அடைபட்டிருப்பது அங்கேதான்.

பெற்றோரே, கடன் பட்டே தீர வேண்டுமென்றால் விஞ்ஞானப் பிரிவுள்ள நகரப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் படுங்கள். வர்த்தமானியில் தாதியர் பயிற்சி அறிவித்தல் வந்ததும் தவறாமல் விண்ணப்பியுங்கள். தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும்.