கிணற்று நீரும் அதை அளக்கும் மானியும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தபோது, மணற்பாங்கான நிலத்தில் ஆழமின்றி வெட்டப்பட்டிருந்த கிணறுகள் உவர்ந்துபோயின. இத்தகைய நிலத்தில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை மெல்லியதாதலால், சுத்தஞ்செய்வதற்கென அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உப்பே ஏறிவரும். ஆகவே, இறைப்பை எப்போது நிறுத்துவது என்பதை மின்கடத்துதிறன் மானியின் துணையோடு தீர்மானிப்பதே பாதுகாப்பானது. நீரில் கரைந்த உப்பு கூடக்கூட அது மின்னைக் கடத்தும் திறனும் கூடுகிறது என்பதே இம்மானியின் அடிப்படை.

கடத்துதிறன் முன்னரே அறியப்பட்ட நியமக் கரைசலில் மானியைத் தோய்த்து, அது காட்டும் எண்ணைச் சரிசெய்வதே அளவுதிருத்தம் எனப்படும். இதற்குப் பெரிதும் பயன்படும் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல், 25 பாகை செல்சியசில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலே அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிடுவதால், கிழக்குக் கரையின் வெயிலில் கிடந்த போத்தலை அப்படியே பயன்படுத்துவது பெரும் தவறாகும்.

அமிலத்தன்மையை அளக்கும் பீஎச் மானியோ இன்னும் கூடிய கவனத்தை வேண்டுவது. 7, 4 என்னும் பெறுமானங்களுடைய தாங்கற் கரைசல்களில் திருத்தப்படும் அதன் கண்ணாடி மின்வாய் உலரவும் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவும் கூடாது, ஏனெனில் உள்ளிருக்கும் அயன்கள் வெளியேறிவிடும். அடர்ந்த பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலே அதற்குரிய இருப்பிடம். ஒருமுறை பயன்படுத்திய நியமக் கரைசலைச் சிக்கனம் கருதி மீண்டும் போத்தலில் ஊற்றினால், அடுத்துச் சோதிக்கப்படும் கிணறுகள் அனைத்தின் அளவும் பிழைத்துவிடும்.