துப்பாக்கி எங்கே அண்ணாச்சி? 'பௌஜி' ஆட்டத்தின் டீசரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய பையன்கள்!

அருப்புக்கோட்டை பஜாரில் மல்லி மூட்டை வந்து இறங்கினால், வியாபாரி மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்க்க மாட்டார். வாய்ப்பக்கம் எப்போதும் நல்ல சரக்குதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்!

குத்தூசியை எடுப்பார். மூட்டையின் நடு வயிற்றில் ஒரு குத்து. அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் விழுந்த மல்லியைக் கசக்கி, மோந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

அந்தப் பஜாரிலே வளர்ந்த பையன்கள்தான் 2020-ம் வருஷக் கடைசியில் ஒரு செல்போன் ஆட்டத்தின் டீசரை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். "பிரமாதமா வரும்" என்று ஒரு கட்சி. "தேறாதுடா" என்று இன்னொரு கட்சி.

ஜெயித்தது யார்? அது அவ்வளவு சுலபமான கேள்வி அல்ல.

வகுப்புக்கு வாங்கிய போன்

கொரோனா காலம் அது. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. மில்லுக்குப் போகிறவர்களும், தறியில் உட்காருகிறவர்களும், மானாவாரி வெள்ளாமையை நம்பி இருந்த திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகளும் கடனோ உடனோ வாங்கிப் பிள்ளைகளுக்கு டச் போன் எடுத்துக் கொடுத்தார்கள். ஆன்லைன் வகுப்பு நடக்க வேண்டுமே!

வகுப்பு முடிந்ததும் அந்தப் போனில் 'பப்ஜி' ஓடும். சில வீடுகளில் வகுப்பு நடக்கும்போதே ஓடும்.

பப்ஜி என்னவென்று தெரியாத பெரியவர்களுக்கு: நூறு பேர் விமானத்தில் இருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிப்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி தேட வேண்டும். ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியாக மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். அந்த நூறு பேரும் எங்கெங்கோ தங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள். அருப்புக்கோட்டைப் பையன் டெல்லிக்காரனைச் சுடுவான். அவன் இவனைச் சுடுவான்.

2020 செப்டம்பர் 2-ந்தேதி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை போட்டது. எல்லையில் சீனாவுடன் தகராறு முற்றியிருந்த நேரம். தடைப் பட்டியலில் பப்ஜியும் இருந்தது. பெற்றோர் பெருமூச்சு விட்டார்கள். பையன்கள் முகத்தில் ஈயாடவில்லை!

இரண்டே நாள்

செப்டம்பர் 4-ந்தேதி இந்தி நடிகர் அக்ஷய் குமார் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். இந்தியாவிலேயே தயாராகும் ஒரு அதிரடி ஆட்டம் வருகிறது. பெயர் 'பௌஜி'. இந்தியில் படைவீரன் என்று அர்த்தம். நம் ராணுவ வீரர்களின் தியாகத்தை ஆடுகிறவர்கள் தெரிந்துகொள்ளலாம். நிகர வருமானத்தில் 20 சதவீதம், வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் 'பாரத் கே வீர்' அறக்கட்டளைக்குப் போகும்.

தயாரிப்பு பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ்.

பப்ஜி... பௌஜி! பெயரைக் கேட்டதும் யாருக்குத்தான் அந்த ஞாபகம் வராது? அதே தீவு, அதே பாராசூட், நம்ம ஊர்த் துப்பாக்கி என்று பையன்கள் மனசுக்குள்ளேயே ஒரு ஆட்டத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பப்ஜி மாதிரி இருக்கும் என்று அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தை கிடையாது.

முதலில் அக்டோபர் என்றார்கள். பிறகு நவம்பர் என்றார்கள். அக்டோபர் 25-ந்தேதி தசரா அன்று டீசர் வந்தது.

அங்கேதான் சந்தேகம் முளைத்தது.

டீசரில் கண்டது

டீசரில் பனிமலை. கல்வான் பள்ளத்தாக்கு. இந்திய வீரர்களும் எதிரிகளும் கைகலக்கிறார்கள். அடி, உதை, தள்ளுமுள்ளு. பின்னணி இசை ஜிவ்வென்று இருந்தது. ஆனால் திரையில் துப்பாக்கிச் சண்டை இல்லை. தீவு இல்லை. பாராசூட் இல்லை. முக்கியமாக, போனைக் கையில் வைத்து ஒருவன் ஆடுகிற காட்சியே இல்லை. சினிமா மாதிரி ஓடியது, முடிந்தது.

"இதுல நாம எதை அமுக்கணும்? எது ஓடும்?" என்று ஒருத்தன் கேட்டால் இன்னொருத்தனிடம் பதில் கிடையாது.

இந்த இடத்தில் நமக்குக் கோச்சடையான் ஞாபகம் வரும். 2013 செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி அன்று அதன் டீசர் வந்தபோது, "ரஜினி எங்கேப்பா? இது பொம்மைப் படமால்ல இருக்கு!" என்று டீக்கடைகளில் முணுமுணுத்தவர்கள் உண்டு. நடிகர்களின் அசைவைக் கருவியில் பதிந்து பொம்மைக்கு ஏற்றுகிற புதுத் தொழில்நுட்பம் அது. படம் 2014 மே 23-ந்தேதிதான் வந்தது. எட்டு மாசம் அந்த முணுமுணுப்பும் கூடவே வந்தது. டீசரில் விழுந்த சந்தேகம் லேசில் போகாது.

பௌஜிக்கும் அதே கதி. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. நவம்பர் 30-ந்தேதி பிளே ஸ்டோரில் முன்பதிவு தொடங்கியது. ஒரே நாளில் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜனவரிக்குள் 40 லட்சத்தையும் தாண்டிவிட்டது. இதற்கு நடுவில் பௌஜி பெயரிலேயே போலிச் செயலிகள் வேறு கிளம்பி, அதை இறக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்க வேண்டி வந்தது.

ஆட்டம் வந்தது

2021 ஜனவரி 26. குடியரசு தினம். பௌஜி வெளியானது. தமிழிலும் ஆடலாம் என்று போட்டிருந்தார்கள். நல்ல விஷயம்தான்.

திறந்து பார்த்தால்? ஒரே ஆள். பனியில் முன்னே நடக்க வேண்டும். எதிரிகள் வருவார்கள், அடிக்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் தடியைப் பிடுங்கி அவர்களையே அடிக்கலாம். அடிபட்டுச் சோர்ந்தால் நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் தெம்பு வரும். எழுந்து நட. அடுத்த கும்பல். அடி. நெருப்பு. நட.

நூறு பேர் எங்கே? கூட்டாளியோடு சேர்ந்து ஆடுவது எங்கே? துப்பாக்கி எங்கே?

முன்பதிவு செய்தவர்கள் ஆத்திரத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். தொடக்கத்தில் நாலரைக்கு மேல் நின்ற மதிப்பெண் ஒரு சில நாட்களில் மூன்று பக்கம் சரிந்தது.

"தேறாது" என்ற கட்சி மீசையை முறுக்கிக்கொண்டது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. டீசர் பொய் சொல்லவில்லை! துப்பாக்கிச் சண்டை இல்லை என்று தசரா அன்றே காட்டிவிட்டது. கைகலப்புதான் என்று காட்டிவிட்டது. குத்தூசியில் வந்த சரக்கும் மூட்டையில் இருந்த சரக்கும் ஒன்றுதான். பையன்கள்தான் கையில் விழுந்த மல்லியைப் பார்க்காமல், சாக்கின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தார்கள்.

ஏன் துப்பாக்கி இல்லை?

இதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூன் 15-ந்தேதி இரவு கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டின் அருகே இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-ம் ஆண்டில் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. தடியும் கல்லும் கையும்தான் ஆயுதம்.

அந்த இருபது பேரில் ஒருவர் ஹவில்தார் பழனி. ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் கடுக்கலூர்க்காரர். 1985-ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்த ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மழை பொய்த்தால் பட்டாளத்துக்கு ஆள் போகிற பூமி இது. பழனி வீட்டுச் செய்தி வந்த அன்று இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

பழனிக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டதும் 2021 குடியரசு தினத்தை ஒட்டித்தான். அதாவது பௌஜி ஆட்டம் கடைக்கு வந்த அதே சமயம்.

ஒரு பக்கம் விருதுப் பட்டியலில் நம்ம பக்கத்து ஆளின் பெயர். இன்னொரு பக்கம் 'துப்பாக்கி இல்லை, போர் அடிக்குது' என்று ஒரு நட்சத்திரம். பையனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் விளையாட்டு கேட்டான். விளையாட்டு சரியாக இல்லை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும்தான் சலிக்கும். ஒரு சாவை வைத்து விளையாட்டுப் பண்ணுகிறவர்கள் அதை இன்னும் கருத்தாகப் பண்ணியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மேல் சரக்கு வேறு, அடிச் சரக்கு வேறு

காட்டினதையே கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியது பௌஜி. காட்டினது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று மாட்டிக்கொண்டவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதுவும் அதே சமயத்தில்!

போலந்து நாட்டு சி.டி. புரொஜெக்ட் கம்பெனியின் 'சைபர்பங்க் 2077'. 2018-ல் 48 நிமிஷம் ஆடிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். 2020-ல் மட்டும் மூன்று தடவை தேதி தள்ளிப்போய், டிசம்பர் 10-ந்தேதி வெளிவந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பியது பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் ஆட்டம். ஜனங்கள் வீட்டில் இருந்ததோ பழைய பிளேஸ்டேஷன் 4 பெட்டி. அதில் ஆட்டம் திக்கித் திணறியது, நடுவழியில் அணைந்தது. எட்டு நாள்கூட ஆகவில்லை; சோனி கம்பெனி அதைத் தன் கடையில் இருந்தே தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று.

இதுதான் மூட்டை வாயில் நல்ல சரக்கு வைக்கிற வேலை. எந்தப் பெட்டியில் ஓடியதைக் காட்டுகிறார்கள், நம்மிடம் இருப்பது எந்தப் பெட்டி? இதைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

நம்ம ஊர் செல்போனுக்கும் அதே கணக்குத்தான். பஸ் நிலையத்துப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடையில் நின்று பாருங்கள். "அண்ணே, கேம் சுத்திக்கிட்டே நிக்குது" என்று வருகிற போனெல்லாம் வகுப்புக்காக வாங்கிய மலிவுப் போன்தான். டிரெய்லரில் ஓடின போன் வேறு ரகம்.

வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. புனாவில் உள்ள சூப்பர்கேமிங் கம்பெனி 'இண்டஸ்' என்ற ஆட்டத்தை 2022-ல் அறிவித்தது. சிந்து சமவெளியைக் கற்பனையாக வேற்றுக் கிரகத்துக்குக் கொண்டுபோன துப்பாக்கி ஆட்டம். முன்பதிவு ஒரு கோடியைத் தாண்டியது. ஆனால் அவசரப்படாமல், ஆடுகிறவர்களையே கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்து ஆட வைத்தார்கள். அதில் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். ஆட்டம் 2024 அக்டோபர் 16-ந்தேதிதான் வெளியே வந்தது. பையன்களுக்குக் காத்திருந்து காத்திருந்து கடுப்பாகிவிட்டது. ஆனாலும் குத்தூசியை நம் கையிலேயே கொடுத்தார்கள் அல்லவா?

இலவசம், ஆனால்...

இந்தச் செல்போன் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. இறக்குவது சும்மாதான். அதனால்தான் 'போனால் போகுது' என்று யாரும் யோசிப்பதில்லை. உள்ளே போனபிறகு சட்டைக்கு ஒரு விலை, துப்பாக்கிக்கு வர்ணம் பூச ஒரு விலை. அப்பாவின் போனில் யு.பி.ஐ. இருக்கிறது. ரகசிய எண் பையனுக்குத் தெரியும். தறிக்கூலி வந்த சனிக்கிழமை கணக்கில் முன்னூறு குறைந்தால் அந்த வீட்டில் ரகளைதான்.

பௌஜியும் அத்தோடு நிற்கவில்லை. 'பௌஜி டாமினேஷன்' என்ற பெயரில் புது ஆட்டம் 2025 ஜனவரி 30-ந்தேதி வந்தது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம். பழைய ஏமாற்றத்தை மறக்காத பையன்கள் அதன் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். இந்தத் தடவை துப்பாக்கி இருந்தது.

மல்லிக் கடையில் அண்ணாச்சியிடம் அவர் மகன் கேட்கிறான்: "யப்பா, புது கேம் ஒண்ணு வருதாம். இறக்கிக்கிடட்டா?"

குத்தூசியைத் துடைத்துக்கொண்டே அவர் சொல்கிறார்: "ஆடி காட்டுனானா, படம் காட்டுனானா?"

"படந்தான் காட்டிருக்கான்."

"அப்ப முதல்ல அந்தச் சர்வீஸ் கடைத் தம்பி போன்ல இறக்கட்டும். நீ போயி பாத்துட்டு வா."