ஒப்பிடும் சொற்கள்: தமிழ் வழியும் ஆங்கில வழியும்



ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் நான் அமர்ந்த முதல் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 'என் அண்ணன் என்னைவிட வலியவன்' என்பதை ஆங்கிலத்தில் கூறுமாறு ஒரு மாணவனைக் கேட்டேன். அவன் எழுந்து, 'மை பிரதர் இஸ் ஸ்ட்ராங் தேன் மீ' என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "ஸ்ட்ராங் போதாது, மாற்றிச் சொல்" என்றேன். அவன் சற்றே எண்ணிப் பார்த்து, 'மோர் ஸ்ட்ராங்கர்' என்றான். சிரிப்பு இரட்டித்தது. அந்த ஆண்டு முடியும்வரை அவன் தானாக எழுந்து ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசவில்லை. அவன் செய்தவை அறிவின்மையால் விளைந்த பிழைகள் அல்ல என்பதை நான் உணர்ந்துகொண்டதோ வெகுநாள் கழித்துத்தான்.

தமிழில் நாம் எவ்வாறு ஒப்பிடுகிறோம்? காக்கையின் கருமையோடு களாப்பழத்தின் கருமையை ஒப்பிடும் எடுத்துக்காட்டு ஒன்றைப் பழைய இலக்கண உரைகளில் காணலாம். ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளை விளக்க வந்தது அது. அங்கே காக்கை என்னும் பெயர்தான் உருபு ஏற்கிறது; கருமையைக் குறிக்கும் சொல் எந்த மாற்றமும் அடைவதில்லை. இக்காலத்தில் 'விட', 'காட்டிலும்' என்பவற்றைச் சேர்க்கிறோம். ஆயினும் முறை மாறவில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரே ஒப்புமையின் சுமையைத் தாங்குகிறது. 'இரண்டில் எது பெரியது?' என்கிறோம்; 'எல்லாவற்றிலும் எது பெரியது?' என்கிறோம். இரண்டிலும் 'பெரியது' பெரியதாகவே நிற்கிறது.

ஆங்கிலமோ பண்புச் சொல்லையே மாற்றச் சொல்லும். ஒன்றைப் பற்றிப் பேசினால் பிக். இரண்டை ஒப்பிட்டால் பிக்கர். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் கூறினால் பிக்கெஸ்ட். பிக்கர் என்று மாற்றிய பின்னும், எதைவிட என்று கூறவேண்டுமாயின், தேன் என்னும் சிறு சொல்லும் வரவேண்டும். (தமிழ் எழுத்தில் அது இனிக்கிறது, தேர்வுத் தாளில் பலருக்குக் கசக்கிறது.) எங்கள் மாணவன் 'விட' என்பதற்கு நேராகத் தேன் என்பதை வைத்தான், தமிழ் முறைப்படி வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டான். அவ்வளவே.

இனி அந்த 'மோர்' எங்கிருந்து வந்தது? குட்டையான சொற்கள் 'அர்', 'எஸ்ட்' என்னும் இறுதிகளை ஏற்கும். பியூட்டிஃபுல் போன்ற நீண்ட சொற்கள் மோர், மோஸ்ட் என்பவற்றை முன்னே ஏற்கும். இரண்டில் ஒன்றுதான் வேண்டும். ஹேப்பி போன்றவை ஹேப்பியர் ஆகும். கிளெவர் போன்ற சில இரு வழியிலும் செல்லும். குட் என்பது பெட்டர், பெஸ்ட் ஆவதும், பேட் என்பது வொர்ஸ், வொர்ஸ்ட் ஆவதும் மனப்பாடம் செய்யவேண்டியவையே. அவற்றிற்குக் குறுக்குவழி இல்லை.

ஆனால் இரண்டையும் ஒருங்கே சேர்ப்பது ஆங்கிலேயர் அறியாத ஒன்றன்று. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனி ஆற்றும் பேருரையிலேயே மோஸ்ட், எஸ்ட் இரண்டும் ஒரே பண்புச் சொல்லின்மேல் ஏறியிருக்கின்றன. 1762ஆம் ஆண்டில் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லௌத் போன்றோர் இத்தகைய இரட்டிப்பைத் தகாதென விலக்கினர். இன்றைய எழுத்து வழக்கும் அதையே பின்பற்றுகிறது. என் மாணவனை நோக்கிச் சிரித்த நான், ஷேக்ஸ்பியரை நோக்கிச் சிரித்ததில்லை!

அவன் உள்ளம் தேடியது வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழில் 'என்னைவிட மிக வலியவன்' என்கிறோமன்றோ? அந்த 'மிக' என்பதற்கு ஆங்கிலத்தில் இடமுண்டு. ஆனால் அங்கே வரவேண்டியது மோர் அன்று, மச். 'மச் ஸ்ட்ராங்கர்' என்றால் வழுவில்லை. வெரி என்பது மாறாத சொல்லோடு சேரும்: வெரி ஸ்ட்ராங். மாறிய சொல்லுக்கு மச். இதை அன்றே நான் சொல்லியிருக்கலாம்.

மற்றொரு நுட்பம். 'நீலகிரியில் உள்ள எந்தச் சிகரத்தையும்விட தொட்டபெட்டா உயரமானது' என்று தமிழில் எழுதினால் எவரும் குறை காணார். இதை 'எனி பீக்' என்று அப்படியே ஆங்கிலமாக்கினால், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தன்னைவிடவும் உயரமானது என்று பொருள்பட்டுவிடும். அதுவும் நீலகிரிச் சிகரம்தானே! ஆகவே 'எனி அதர் பீக்' என்று எழுதுக. சேர்வராயன் மலைச் சிகரங்களோடு ஒப்பிடும்போது 'அதர்' வேண்டுவதில்லை. தொட்டபெட்டா அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று.

லத்தீன் வழிவந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை தேன் என்பதை ஏற்கமாட்டா. டு என்பதையே ஏற்கும். எல்டர் என்பதும் தேன் என்பதோடு சேராது; அங்கே ஓல்டர் வரவேண்டும். குடும்ப உறவைச் சுட்டுகையில் எல்டர் பிரதர் எனலாம். நம்மவர் அதனை அடிக்கடி கூறுவதற்குக் காரணம், அண்ணனும் தம்பியும் நமக்கு வெவ்வேறு சொற்களாக இருப்பதே. ஆங்கிலேயர் பெரும்பாலும் பிரதர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வர். என் மாணவனும் அன்று அப்படித்தான் நிறுத்திக்கொண்டான். அந்த ஒன்றை அவன் ஆங்கிலேயரைப் போலவே சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டிருந்த எங்கள் காதில் அது விழவில்லை.