வேலையிட நலத் திட்டம்: யாருக்கு நலம்?

ஸ்கூடாயில் படிப்பை முடித்துவிட்டு, பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதாரப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் என்னிடம் தரப்பட்ட பொறுப்பு ஒரு நடைப்போட்டி. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். மூன்று மாத முடிவில் பரிசு. பரிசு பெற்றவர்கள் யார் தெரியுமா? ஏற்கெனவே வாரம் மூன்று நாள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த அலுவலகத்தார்! இயந்திரப் பிரிவில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் நம்மவர் ஒருவர், நான் அண்ணன் என்றே அழைப்பேன், பெயரே கொடுக்கவில்லை. மறு ஆண்டு இனிப்பு நீரால் அவருடைய கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். நானோ திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதியிருந்தேன்.

என்னைப் போல் ஏமாந்தவர்கள் பலர் என்பது பிறகுதான் தெரிந்தது. நலத் திட்டத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் ஏறக்குறைய 3.27 டாலர் மிச்சமாகும் என்று 2010இல் கேத்தரின் பைக்கர் குழுவினர் அமெரிக்காவில் கணக்கிட்டனர். முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்! பின்னர் அதே பைக்கர், ஓர் அமெரிக்க மொத்த விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் குலுக்கல் முறையில் 20 கிளைகளுக்கு மட்டும் திட்டத்தைத் தந்து சோதித்தார். 2019இல் முடிவு வெளிவந்தது. 18 மாதங்களில், உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தனர். ஆனால் இரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 5,000 ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு காரணத்தையும் காட்டியது: முன்பே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தாம் இத்தகைய திட்டங்களில் சேருகிறார்கள். அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் பலன் தந்தது போலவே தோன்றும். என் நடைப்போட்டியும் அந்தக் கதைதான்.

அப்படியென்றால் வேலையிடத்தில் எதுவுமே பயன் தராதா? நம் தாத்தா பாட்டிகளின் தோட்டங்களைப் பாருங்கள். 1901இல் கிள்ளானில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைச் சாய்த்தபோது, அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடித்தார், காட்டை வெட்டினார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பிறகு தோட்டங்களும் அந்த வழிக்கு வந்தன. (கருணையால் மட்டுமல்ல, படுத்துக் கிடக்கும் பால்மரத் தொழிலாளியால் நஷ்டம்.) ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் மலேரியா பெருகிற்று! வெயில் படும் ஓடைத் தெளிநீரில் வளரும் வேறொரு கொசு அங்கே இருந்தது. ஆகவே ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். எந்தத் தொழிலாளியும் இதற்காகப் பெயர் பதிய வேண்டியிருக்கவில்லை. மாற்றப்பட்டது அவர் வாழ்ந்த இடம்.

இன்று நம் கொசு சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. சொக்சோ 2013இல் 40 வயதுச் சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனையைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் கிளினிக்கிற்குப் போக ஒரு நாள் ஓவர்டைமை இழக்க வேண்டுமென்றால் எத்தனை பேர் போவார்கள்?

மறுமுறை நான் போட்டி எதுவும் கேட்கவில்லை. விரலில் குத்திப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையை இரவு ஷிஃப்ட் முடிவதற்கு அரை மணி முன்பாக, இயந்திரங்களுக்கு அருகிலேயே, சம்பள நேரத்தில் வைக்கக் கேட்டேன். மேலாளர் இரண்டு மாதம் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார். அன்று வரிசையில் முதலாவதாக நின்றவர் அண்ணன்.