பிராங்க்ளின் போட்ட கறுப்புப் புள்ளிகள்

புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்கு வீடு புது டைரி வருகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ஒரு பட்டியல்.

"விடியற்காலை 5 மணிக்கு எழுவேன். சிகரெட்டைத் தொடமாட்டேன். சம்பளத்தில் பாதியைச் சேமிப்பேன். கோபப்படமாட்டேன்."

பொங்கல் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தை மாதம் முடிவதற்குள் அதே டைரியில் பால் கணக்கு ஏறிவிடுகிறது!

எழுதியவர் சோம்பேறியா? இல்லை. ஒரே நாளில் நான்கு காரியங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பாரம் தாங்கவில்லை.

இந்தத் தொல்லை பெரிய மனிதர்களையும் விட்டதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் அவர்களில் ஒருவர்.

மெழுகுவத்தி வியாபாரி மகன்

பிராங்க்ளின் 1706-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். பிள்ளை பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 17 வயதில் பிலடெல்பியாவுக்குப் போய், அச்சுத் தொழிலில் முன்னுக்கு வந்தார். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் இவரே. 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர்.

வாலிப வயதில் இவருக்கு ஓர் ஆசை வந்தது. குற்றமே இல்லாத மனிதனாக வாழவேண்டும்! முயன்று பார்த்தார். ஒரு குறையைக் காவல் காக்கும்போது இன்னொரு குறை பின்வாசல் வழியாக வந்து நின்றது.

ஒரு வாரம், ஒரு பாத்தி

பிராங்க்ளின் யோசித்தார். தோட்டக்காரன் களை எடுக்கும்போது தோட்டம் முழுவதும் ஒரேயடியாகப் பாய்வதில்லை. ஒரு பாத்தியை முடித்துவிட்டு மறு பாத்திக்குப் போகிறான். அந்த வழியையே இவரும் பிடித்தார்.

பழக வேண்டிய குணங்கள் 12 என்று எழுதினார். "உனக்குக் கர்வம் அதிகம்" என்று நண்பர் ஒருவர் சொல்லவே, பணிவையும் சேர்த்து 13 ஆக்கினார். முதல் இடம் உணவிலும் குடியிலும் அளவுக்கு. அது கைவந்தால் புத்தி தெளிவாக இருக்கும். மற்றவை சுலபமாகும் என்பது அவர் கணக்கு.

சிறு நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். ஏழு நாட்களுக்கு ஏழு கட்டம். தவறிய நாளில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மீதுதான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டு ஓட்டையாகிவிட்டது! பிறகு தந்தத் தகடுகளில் பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

வெற்றியா, தோல்வியா?

ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. காகிதங்களை அதனதன் இடத்தில் வைக்க அவரால் முடியவே இல்லை. பணிவும் வெளித்தோற்றத்தில்தான் வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் முயற்சி வீண் என்று அவர் சொல்லவில்லை. 79-வது வயதில் சுயசரிதை எழுதும்போது, முழுமை கிட்டாவிட்டாலும், முயலாமல் இருந்திருந்தால் இவ்வளவு நல்லவனாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கமாட்டேன் என்று குறித்து வைத்தார்.

66 நாள்

அவருடைய திட்டத்தில் ஒரு குறை உண்டு. ஒரு வாரம் மிகவும் குறைவு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரைக் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டுடன் பழம், தினமும் சிறிது நடை போன்ற எளிய பழக்கங்கள்தான். அவை தானாக நடக்கும் அளவுக்குப் படிய, சராசரி 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள்! இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் கண்டார்கள்.

ஆகவே 13 வாரத்தையும் ஒரே பழக்கத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். 91 நாட்கள் கிடைக்கின்றன. பழக்கமும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். "உடம்பைப் பேணுவேன்" என்பதைவிட, "இரவு சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிஷம் நடப்பேன்" என்பது மேல். "நிறையச் சேமிப்பேன்" என்பதைவிட, சம்பளம் வாங்கிய அன்றே 200 ரூபாயை எடுத்து வைப்பது மேல். நடந்ததா, இல்லையா என்று காலண்டரே சொல்லிவிடும்.

கறுப்புப் புள்ளி விழுந்தால் டைரியை மூடவேண்டாம். பிராங்க்ளின் நோட்டு ஓட்டையானதே, புள்ளிகள் அத்தனை விழுந்ததால்தான்!