எந்திரம் உண்ணும் காற்று

மோட்டார் வண்டியின் உணவு யாதெனின், பெற்றோல் என்பர் பலர். காற்றும் அதன் உணவே என்பதை எண்ணுவோர் சிலர். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கனவளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்றாம்!

எந்திரத்தின் உருளை ஒவ்வொரு முறையும் உள்ளிழுப்பது கனவளவையே. எரிதலுக்கு வேண்டுவதோ திணிவு. வெப்பமேறக் காற்று விரிந்து ஐதாகும். கடல்மட்டத்தில், 30 பாகை சதமவளவையில் ஒரு கனமீற்றர் காற்று 1.16 கிலோகிராம் ஆகும். பொனற்றின் கீழுள்ள சூட்டால் 60 பாகையை அடையின் 1.06 கிலோகிராமே. நூற்றுக்கு ஒன்பது பங்கு போயிற்று. உட்புகும் காற்றை உருளையின் சுவர்களும் எவ்வாறாயினும் சூடாக்குதலால் வலு அவ்வளவிற்குக் குன்றாது. எனினும் ஏற்றத்திற் குறைவு புலப்படும்.

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வண்டியை நோக்குக. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஐந்திலொரு பங்கு குறைவு. அங்குள்ள குளிர்ச்சி அவ்விழப்பிற் சிறு பங்கையே ஈடுசெய்யும். சாரதி எந்திரத்தை நோவார். குறை எந்திரத்தினது அன்று.

காற்றின் வழி அடைபடுதல் வேறொரு குறை. காபுரேற்றர் பூட்டிய பழைய வண்டிகளில் தூசி படிந்த காற்றுவடி பெற்றோலையும் வீணாக்கும். இக்கால வண்டிகளிலோ உணரிகள் காற்றை அளந்து பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்தலால், இழப்பு பெரும்பாலும் வலுவிலேயே. அகன்ற குழாய் பூட்டி வேகத்தை நாடும் இளைஞர் பலர், அதன் வாயைச் சூடான பொனற்றின் கீழேயே விட்டுவிடுகின்றனர். வழி அகன்றது, புகுவதோ வெப்பக் காற்று. குழாயின் வாய் வண்டியின் முன்புறத்துக் குளிர்ந்த காற்றை நோக்கியிருத்தல் வேண்டும்.